பழைய ஷாக்கின் மேல் அடைகாத்த கோழி

வேலங்காட்டுப்புதூரில் ஒரு வைகாசியில் மூன்று வார காலம் முட்டை உடையவில்லை. எல்லா முட்டையும் அல்ல, துளசிமணியின் ஸ்கூட்டரில் வந்த முட்டை மட்டும். அட, இதற்கே கண்ணை அகட்டினால் எப்படி? அந்த ஊர்க்காரர்களே அகட்டவில்லை. முதல் நாள் கொஞ்சம் திகைத்தார்கள், இரண்டாம் நாள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், மூன்றாம் நாள் அந்த முட்டையை வைத்து என்னென்ன வேலை பார்க்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். புதூர்க்காரர்கள் அப்படித்தான், நாளைக்குச் சூரியன் மேற்கே உதித்தால் துணி காயப்போடும் கொடியை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

துளசிமணிக்குத் தொழிலே முட்டைதான். விடிந்ததும் பண்ணைக்குப் போவாள், முப்பது முட்டை பிடிக்கும் அட்டைகளைப் பின்சீட்டில் பன்னிரண்டும் காலடியில் நாலுமாக அடுக்கி, பழைய டியூபை நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டி, டீக்கடை, மெஸ், புரோட்டாக்கடை, வீடுகள் என்று பத்து மணிக்குள் போட்டு முடித்துவிடுவாள். வண்டிக்கு வயசு பத்து. பின்சக்கரத்துக்கு மேலே, சீட்டுக்கு அடியில், ஸ்பிரிங் சுற்றிய தடி ஒன்று இருக்குமே, மெக்கானிக்குகள் ஷாக்கு என்பார்களே, அது அந்த வண்டியில் உயிரை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. எண்ணெயெல்லாம் கசிந்து, ஸ்பிரிங் தளர்ந்து, ஒரு கூழாங்கல்லில் ஏறினாலும் சீட்டு 'தொம்' என்று இறங்கி முதுகெலும்பை விசாரிக்கும். அட்டைக்கு இரண்டு முட்டை வழியிலேயே போய்விடும். கடைக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்ட ஆள் ஊரிலேயே ஒருத்திதான், பக்கத்து வீட்டு மாராத்தாள்.

மாராத்தாள், துளசிமணியின் புருசன் சென்னியப்பனுக்கு உடன்பிறந்த அக்கா. துளசிமணிக்கு நங்கையா முறை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று. அந்தச் சுவருக்கு மேலாக ஆறு வருசமாக ஒரு பேச்சு வார்த்தை கிடையாது. பேச்சுதான் கிடையாதே தவிர, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகும். மாராத்தாள் தன் கோழியைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லுவாள். "ஏங்கோழி, சில பேரு ஊட்டுல குழாயைத் தொறந்து உட்டுட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது" என்று மாராத்தாள் கோழிக்குச் சொல்ல, துளசிமணி ஓடிப்போய்க் குழாயை மூடுவாள். கோழி இரண்டு வீட்டுச் சமாசாரத்தையும் கேட்டுக்கேட்டு மிகவும் தெரிந்த கோழியாகிவிட்டிருந்தது.

ஆறு வருசத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். மாராத்தாளின் அப்பா ஒரு சாதிச் சேவல் வைத்திருந்தார். அந்த வம்சத்துச் சேவல் மூன்று தரம் கூவும், நாலாவதைத் தொண்டையிலேயே முழுங்கிவிடும். அப்பா போன பிறகு அந்த வம்சம், முப்பது மைல் தள்ளிச் சித்தப்பா தோட்டத்தில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அந்தக் கூவலைக் கேட்காமல் தனக்கு விடிந்த மாதிரியே இல்லை என்று மாராத்தாள் சொல்லிச்சொல்லி, ஒரு நாள் வாயைத் திறந்து கேட்டாள்: "அம்மிணி, நீ முட்டை ஏவாரம் பாக்கறவ. சித்தப்பனூட்டுல இருந்து அடைக்கு வைக்க ஒரு ஈடு முட்டை கொண்டாந்து குடுக்க மாட்டியா?" துளசிமணியும் சந்தோசமாகப் போனாள். கொண்டும் வந்தாள். கூடை நிறைய மஞ்சளும் வெள்ளையும் ஓடுமாகக் கொண்டுவந்தாள். ஊர் எல்லையில் இருக்கும் ஆனைக்குழியில் வண்டி இறங்கியதில் ஒன்று பாக்கியில்லாமல் உடைந்துபோயிருந்தது. மாராத்தாள் கூடையைப் பார்த்தாள், "சரி, போ" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. தெருவே திரண்டு வந்து எத்தனை முட்டை போச்சு, எத்தனை முட்டை போச்சு என்று கேட்டது. துளசிமணி வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் போய், சேலையைத் தூக்கி, கிழிந்த முழங்காலில் தானே மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டாள். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஆனைக்குழிப் பக்கமே போகாமல் இரண்டு மைல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

இந்த வைகாசியில் சித்தப்பா வீட்டிலிருந்து சேதி வந்தது. அந்த வம்சத்தில் மிஞ்சியது ஒரே ஒரு கிழட்டுப் பெட்டை. அதுவும் பதிமூன்று முட்டை இட்டுவிட்டு இனிமேல் முடியாது என்று உட்கார்ந்துவிட்டது. சேவல் போன வாரமே கீரிக்குப் போய்விட்டது. வேண்டுமென்றால் இப்போது வேண்டும், இல்லையென்றால் என்றைக்கும் இல்லை. சேதி வந்த அரை மணி நேரத்தில் துளசிமணி எடைமேடைக்குப் பக்கத்தில் இருக்கும் நாச்சிமுத்துவின் ஒர்க்‌ஷாப்பில் நின்றாள்.

நாச்சிமுத்து கைவேலைக்காரன், கொஞ்சம் தற்பெருமைக்காரன். குனிந்து பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, இதைப் போயி ஷாக்குன்னு சொன்னீங்கன்னா கேக்கறவன் சிரிப்பான். இது வெறும் கம்பிங்க்கா."

"அதான் மாத்தலாம்னு வந்தேன் தம்பி. இருக்கறதுலயே நல்லதாப் போடு. முட்டை உடையக் கூடாது."

"எத்தனை வரைக்கும் உடையலாம்?"

"ஒண்ணு கூட உடையக் கூடாது."

இந்த வார்த்தை நாச்சிமுத்துவுக்குப் பிடித்துப்போயிற்று. பெரிய வண்டிக்குப் போடும் கேஸ் ஷாக்கு ஒன்றை எதற்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்தான், அதை எடுத்தான். போல்டு மாட்டும் அடிக்கண்ணை ராவிப் புது புஷ் அடித்தான், மேல் போல்டுக்குக் கிரீஸ் தடவினான், கொக்கி ஸ்பேனரை வைத்து ஸ்பிரிங்கை ஒவ்வொரு படியாக இறுக்கினான். துளசிமணியை ஏறி உட்காரச் சொன்னான், இறங்கச் சொன்னான், ஒரு சிமெண்டு மூட்டையை ஏற்றினான், இறக்கினான், மறுபடி அரைப் படி தளர்த்தினான். கடைசியில் வண்டி, கையை வைத்து அழுத்தினால் அழுந்தி, கையை எடுத்தால் அவசரப்படாமல் எழுந்து, பெரிய மனுசன் வணக்கம் சொன்ன மாதிரி நின்றது.

எந்தப் புதுச் சாமான் போட்டாலும் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழத்தில் ஏற்றாமல் நாச்சிமுத்து வண்டியை வெளியே விடமாட்டான். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று வைத்தான். துளசிமணி கண்ணை மூடி, "சாமி, இந்த வண்டியில வர்றது எதுவும் உடையக் கூடாது, எப்பவுமே உடையக் கூடாது" என்று வேண்டிக்கொண்டாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். என்ன செய்வது, புதூர்க்காரர்கள் எதைக் கேட்டாலும் மொத்தமாகத்தான் கேட்பார்கள். வண்டி நகர்ந்தது. முன்சக்கரத்துப் பழம் 'பச்சக்' என்று நசுங்கியது. பின்சக்கரத்துப் பழம், சக்கரம் ஏறி இறங்கிப் போன பிறகும், வைத்தது வைத்தபடி முழுசாக இருந்தது. நாச்சிமுத்து அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பழைய ஷாக்கைப் பையில் போட்டுத் துளசிமணியிடம் கொடுத்தான். கழற்றிய சாமானைக் கையில் கொடுத்துவிடுவது அவன் தொழில் சுத்தம்.

துளசிமணி நேரே சித்தப்பா தோட்டத்துக்குப் போனாள். புது வண்டி ஓட்டுவது போலத்தான் இருந்தது. கல் வந்தது தெரியவில்லை, வேகத்தடை வந்தது தெரியவில்லை. ஆனாலும் திரும்பும்போது ஆனைக்குழியைச் சுற்றித்தான் வந்தாள். சுவருக்கு மேலாகக் கூடையை நீட்டினாள். மாராத்தாள் வாங்கி, ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்கு நேராகப் பார்த்து, பதிமூன்றும் முழுசு என்று கண்டு, கோழியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏங்கோழி, குஞ்சைக் கண்ணுல பாக்கட்டும். அப்பறம் பேசறதைப் பத்திப் பேசிக்கலாம்."

இது ஆறு வருசத்தில் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. துளசிமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாராத்தாள் பெரிய கூடையில் மணலைக் கொட்டி முட்டைகளை வைத்தாள். அடைக்கூடையில் இரும்பு ஏதாவது போட வேண்டும். இல்லாவிட்டால் இடி இடிக்கும்போது கரு கலங்கிவிடும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆணியோ சாவியோ போடுவார்கள். மாராத்தாள் கண்ணுக்கு அந்த நேரத்தில் பட்டது, வண்டியின் காலடியில் கிடந்த பழைய ஷாக்குதான். எட்டி எடுத்து, நன்றாகக் கழுவி, கூடையின் நடுவில் மணலுக்குள் பதித்துவிட்டாள். கோழி அதைக் கொத்திப் பார்த்தது, முகம் சுளித்தது, அப்புறம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் புரோட்டாக்கடைக் காளியண்ணன் முதல் முட்டையைக் கல்லின் விளிம்பில் தட்டினான். 'டங்' என்றது. இன்னொரு தரம் தட்டினான். கொத்துப் புரோட்டா போடும் தகட்டால் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். தகடு வளைந்துபோயிற்று. முட்டை கல்லின் மேல் உருண்டு போய் உப்பு டப்பாவில் முட்டிக்கொண்டு நின்றது. பத்து மணிக்குள் மெஸ்ஸிலிருந்து, டீக்கடையிலிருந்து, ஏழெட்டு வீடுகளிலிருந்து ஆள் வந்துவிட்டது. அவித்தால் உள்ளே வெந்து ஆடுகிற சத்தம் கேட்கிறது, ஓடு உரியமாட்டேன் என்கிறது. அம்மிக்கல்லைப் போட்டால் அம்மிக்கல் தெறித்துவிடுகிறது.

இரண்டாம் நாள், கோழித் தீவனத்தில் சுண்ணாம்பு ஜாஸ்தி என்றார் ஒருவர். பண்ணையில் மெஷின் முட்டை வந்துவிட்டது என்றார் இன்னொருவர். பண்ணைக்காரர் அதே கோழி போட்ட முட்டையைத் தலையில் தட்டி உடைத்துக் காட்டிவிட்டுத் தலை குளிக்கப் போனார். அப்போதுதான், வளையல்காரி சரஸ்வதி முந்தின நாள் துளசிமணி வண்டியில் ஏறி வந்ததும், அன்று விற்ற வளையலை ஒருத்தி நெல் குத்தும் உலக்கையில் மோதியும் கீறல் விழவில்லை என்பதும் தெரியவந்தது. சரஸ்வதிக்குக் கோபமான கோபம். "வளையல் உடையலீனா நான் எப்பிடிங்க பொழைக்கறது?" என்று அடுத்த நாளிலிருந்து நடந்தே வந்தாள். பிள்ளையார் கோயிலுக்கு வண்டியில் வந்த நூற்றெட்டுத் தேங்காயும் உடையவில்லை. பூசாரி ஒவ்வொன்றாக வீசிப் பார்த்துக் கை சளைத்து, "சாமி முழுசா வேணுங்குது" என்று அறிவித்துவிட்டு அப்படியே அடுக்கி வைத்துவிட்டார். அதன் பிறகு யாருக்கும் சந்தேகமில்லை. எல்லாம் பின்பக்க ஷாக்கு வேலை. சரி, ஆகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

விட்டது மட்டுமா? லாரிக்காரர்கள் மேட்டில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பதை விட்டுவிட்டு ஆளுக்கு இரண்டு முட்டை வைத்தார்கள். பஞ்சர் கடையில் ஜாக்கிக்கு அடியில் முட்டை. கிராம நிர்வாக அலுவலகத்தில் காகிதம் பறக்காமல் இருக்க முட்டை. ஆட்டுக் கொட்டாய்க் கதவுக்கு முட்டை. கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் தட்டில் மஞ்சள் பூசி ஒரு முட்டை வைப்பது பத்தே நாளில் பரம்பரை வழக்கமாகிவிட்டது, கேட்டால் தாத்தா காலத்திலிருந்து வைக்கிறோம் என்றார்கள். சாப்பிடுவதற்கு வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டார்கள்; மற்ற எல்லாவற்றுக்கும் துளசிமணி முட்டைதான். நாச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து எடுத்துக் காட்டிக்கொண்டு திரிந்தான். "துளசிமணிக்கு இப்பத்தான் நல்ல காலம்" என்றது ஊர்.

துளசிமணிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஊரே முட்டையைப் பற்றிப் பேசியதே தவிர, அந்தப் பதிமூன்று முட்டையும் இதே வண்டியில், இதே ஷாக்கின் மேல் வந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியிலிருந்து உடைக்க முடியாத ஓட்டை, உள்ளே இருந்து ஒரு குஞ்சு எப்படி உடைக்கும்? முதல் நாள் முட்டை ஒன்றை அரிசிப் பானையில் ஒளித்து வைத்து, தினமும் காலையில் கரண்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பாள். ஐந்தாம் நாள் உடையவில்லை. பத்தாம் நாள் உடையவில்லை. பதினைந்தாம் நாள் கரண்டி இரண்டாக உடைந்தது.

"ஏனுங் மாமா, உங்கக்காகிட்டச் சொல்லிப்போடட்டுமா?" என்றாள் சென்னியப்பனிடம்.

சென்னியப்பன் இரண்டு வீட்டுக்கும் நல்ல பிள்ளையாக ஆறு வருசம் ஓட்டியவன். "நீ கோழிகிட்டச் சொல்லு, நான் வாரேன்" என்று செருப்பைத் தேடினான்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. ஒன்பது வருசமாக ஊர் எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பலன் வந்து, அந்த மூன்று வாரத்துக்குள் புதூரின் நாலு தெருவுக்கும் தார் ரோடு போட்டுவிட்டார்கள். மனுவில் முதல் கையெழுத்துத் துளசிமணியுடையது. ரோடு கண்ணாடியாக இருந்தது. கிழவர்கள் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள்.

பதினெட்டாம் நாள் மாராத்தாள் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டைகளை மிதக்கவிட்டாள். பதிமூன்றும் துள்ளின. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த துளசிமணி உள்ளே போய் அரிசிப் பானை முட்டையைத் தரையில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். இருபத்தொன்றாம் நாள் காலையில் கூடையிலிருந்து சத்தம் வந்தது. பதிமூன்று ஓட்டுக்குள்ளிருந்தும் 'கீச் கீச்' என்று அழைப்பு. ஓட்டில் மூக்கால் தட்டுவது கூடக் கேட்டது. மணி ஒன்பதாயிற்று, பத்தாயிற்று, ஒரு கீறல் இல்லை. மாராத்தாள் நகத்தால் கீறிப் பார்த்தாள், ஊசியால் குத்திப் பார்த்தாள். ஊசி வளைந்தது. குஞ்சு சத்தம் போட ஆரம்பித்த பிறகு ஒரு பகல் தாங்கும், அதற்கு மேல் மூச்சு முட்டிப்போகும். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாராத்தாள் முதன்முறையாகக் கோழியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முட்டையைக் காதில் வைத்துக்கொண்டு அழுதாள்.

துளசிமணி சுவரைத் தாண்டிக் குதித்துவிட்டாள். ஆறு வருசத்தில் அந்தப் பக்கம் அவள் கால் படுவது அன்றுதான். பதறிய கோழி எழுந்து நின்றது. மணலுக்குள்ளிருந்து பழைய ஷாக்கு பல்லைக் காட்டியது. இதில் வந்திருந்தால் இவையும் ஆனைக்குழி வரைக்கும் தாங்கியிருக்காது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில், புதுசு இறுக்கியதைப் பழசுதான் குலுக்கி உடைக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை உள்ளே விட்டாள். கோழி நறுக்கென்று கொத்தியது. கொத்தக் கொத்த ஷாக்கைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு எடைமேடைக்கு ஓடினாள்.

"தம்பி, புதுசைக் கழட்டு. இதை மாட்டு."

நாச்சிமுத்து ஏறெடுத்துப் பார்த்தான். "அக்கா, அது என்ற உசுரைக் குடுத்துச் செஞ்ச வேலைங்க்கா."

"உன்ற வேலையில கொறையே இல்ல சாமி. அதுதான் கொறை. சீக்கிரம் மாட்டு, பதிமூணு உசுரு உள்ள கத்துது."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான். கோழி எச்சத்தைக்கூடத் துடைக்க நேரமில்லை. கையை வைத்து அழுத்தினான். வண்டி 'தொம்' என்று உட்கார்ந்து எழுந்திருக்க மறந்துபோயிற்று. "நாசமாப் போன பழைய ஷாக்கு, அப்பிடியே இருக்குது" என்றான், வருத்தமும் திருப்தியுமாக.

துளசிமணி வண்டியை வாசலில் நிறுத்தினாள். மாராத்தாள் பின்சக்கரத்தில் மாட்டியிருந்த பழைய ஷாக்கைப் பார்த்தாள். உமியும் பழந்துணியும் போட்ட கூடையில் பதிமூன்றையும் வைத்து, மடியில் இருத்தி, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கோழி வீதி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தது.

ரோடுதான் கண்ணாடியாயிற்றே! வண்டி முதல் தெருவில் போயிற்று, ஒரு குலுக்கல் இல்லை. இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு, ஒரு குலுக்கலும் இல்லை. அதற்குள் சேதி பரவி ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. "எங்கூட்டு முன்னாடி ஒரு குழி இருந்துச்சு, அருமையான குழி, போன வாரந்தான் மூடுனாங்க" என்று ஒருத்தி கையைப் பிசைந்தாள். "எங்க தெருக் குழியில டிராக்டரே படுத்துச்சுங்க" என்று ஒருவர் பழைய பெருமையைச் சொன்னார். ஒன்பது வருசம் திட்டித் தீர்த்த குழிகளை ஊர் அன்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் தேடியது. கடைசியில் காளியண்ணன் தகட்டோடு ஓடிவந்து கத்தினான்: "ஆனைக்குழி இருக்குதுங்க்கா!"

இருக்கிறது என்று துளசிமணிக்குத் தெரியாதா? முதல் தெருவில் திரும்பும்போதே தெரியும். புதூர் ஊராட்சிக்கும் கொல்லப்பட்டி ஊராட்சிக்கும் நடுவில் நாற்பது அடி ரோடு, இவர்கள் அவர்களுடையது என்பார்கள், அவர்கள் இவர்களுடையது என்பார்கள். தார் ரோடு இந்தப் பக்கம் வந்து அங்கே நின்றுவிட்டது. அதன் நடுவில்தான் ஆனைக்குழி. எப்போதோ திருவிழாவுக்கு வந்த ஆனை அதில் ஒரு காலை வைத்துப் பார்த்து, யோசித்து, திரும்பிப் போய்விட்டதாம். இப்போதும் அது அப்படியே, மழைத்தண்ணீர் காய்ந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

குழி கண்ணில் பட்டதும் துளசிமணியின் கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிட்டது. முழங்கால் விண்ணென்று வலித்தது. பின்னால் கூடைக்குள் கீச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு ஊராட்சிக்காரர்களும் இரண்டு பக்கமும் வந்து நின்று பார்த்தார்கள்.

"ஏம்புள்ள நிறுத்துன?" என்றது ஒரு குரல். கோழியிடம் அல்ல. கோழி வீட்டில் இருந்தது. "உடு குழியில!"

துளசிமணி விட்டாள்.

தொம்! முதுகெலும்பு மண்டை வரைக்கும் வந்துவிட்டுப் போயிற்று. கூடைக்குள் 'டப், டப்' என்று இரண்டு சத்தம். "ரெண்டு, அம்மிணி, ரெண்டு!" என்று மாராத்தாள் கத்தினாள். "திருப்பு வண்டிய!" திருப்பினாள். தொம்! ஒன்று. "என்ன பூனையாட்டம் இறங்கற, சித்தெ வேகமா உடு!" தொம்! மூன்று. எந்தக் குழியில் விட்டதற்காக ஆறு வருசம் பேசாமல் இருந்தாளோ, அதே குழியில் இன்னும் நன்றாக விடச் சொல்லி மாராத்தாள் துளசிமணியின் தோளில் அடித்து அடித்து ஓட்டினாள். இந்தப் பக்கத்து ஊராட்சி எண்ணியது, அந்தப் பக்கத்து ஊராட்சியும் எண்ணியது. ஒவ்வொரு தொம்முக்கும் ஈரமும் கோபமுமாக ஒரு தலை, இரண்டு தலை ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. இப்போது இது எங்கள் குழி என்று கொல்லப்பட்டிக்காரர் ஒருவர் சொல்ல, எப்போதிருந்து என்று புதூர்க்காரர் கேட்க, அங்கே ஒரு சண்டையும் ஆரம்பித்தது.

பன்னிரண்டு வந்துவிட்டது. பதிமூன்றாவது மட்டும் வரவில்லை. நாலு தரம் விட்டாள், ஐந்து தரம் விட்டாள். பழைய ஷாக்கின் ஸ்பிரிங் 'டணார்' என்று இரண்டாக ஒடிந்து விழுந்தது, முட்டை உடையவில்லை. வண்டி குழிக்குள்ளேயே நின்றுபோயிற்று. துளசிமணி ஸ்டாண்டு போட்டு இறங்கினாள். இறங்கும்போது முழங்கால் மடங்காமல் ஒரு காலை இழுத்து வைத்தாள்.

மாராத்தாள் அதைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். மறுபடி அந்தக் காலைப் பார்த்தாள்.

"ஏனம்மிணி," என்றாள், குரல் இறங்கிப்போய். "அன்னைக்கு இந்தக் குழியில நீயும் உழுந்தியா?"

துளசிமணிக்கு வாய் கோணிக்கொண்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எங்க உழுந்த? காட்டு."

நடுரோட்டில், இரண்டு ஊராட்சி பார்க்க, துளசிமணி சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினாள். மாராத்தாள் கூடையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு குனிந்து, அந்தப் பழைய தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நான் முட்டையைத்தான் அம்மிணி பாத்தேன்" என்றாள்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒரு குலுக்கலும் இல்லை. கூடைக்குள் பதிமூன்றாவது முட்டை தானாக உடைந்தது.